எடை பார்த்த பிறகு ட்ரிப்ஸ் ஏற்றலாமா? தொழில்முறைக் குத்துச்சண்டை வீரர்களுக்கும் அவர்களுடைய குழுவினருக்கும் ஒரு வழிகாட்டி

எடை பார்க்கும் மேடையிலிருந்து இறங்கும் வீரரின் உதடு வெடித்திருக்கும், கன்னம் ஒட்டியிருக்கும், பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் இரவு அவர் பன்னிரண்டு சுற்று நின்றாக வேண்டும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்களில் ஒருவராவது "ஒரு பாட்டில் சலைன் ஏற்றிவிடுங்கள், தெம்பு வந்துவிடும்" என்று சொல்வார். அக்கறையோடுதான் சொல்வார். ஆனால் அந்த ஒரு பாட்டில் வீரரின் உரிமத்தையும் பட்டத்தையும், ஊசி குத்தியவரின் தொழிலையும் கொண்டுபோய்விடக் கூடும். மூலையில் உதவியாளராக நின்ற தொடக்க காலத்தில் நானே அப்படிப்பட்ட ஓர் அறையில் இருந்திருக்கிறேன். திரைச்சீலைக் கம்பியில் துணி மாட்டும் கொக்கியைப் போட்டு, அதில் அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டு, குழாயின் நடுவிலுள்ள சொட்டறையை விரலால் தட்டித் தட்டிக் குமிழி போக்கினார்கள். பாட்டிலுக்குள் இருப்பது வெறும் உப்புநீர்தானே என்ற எண்ணத்தில் விதியைப் பற்றி எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை இங்கே எழுதுகிறேன்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப்பட்டியல் உங்கள் சண்டைக்குப் பொருந்துமானால், எடை குறைத்ததால் ஏற்பட்ட நீரிழப்பைச் சரிசெய்ய அறையிலோ வீட்டிலோ தனியார் கிளினிக்கிலோ ட்ரிப்ஸ் ஏற்றுவது விதிமீறல். அந்தப் பட்டியல் பொருந்துமா என்பது சண்டை எங்கே நடக்கிறது, யார் உரிமம் தந்தார்கள், எந்த ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. தொழில்முறைக் குத்துச்சண்டையில் குழப்பம் எழுவது இந்த இரண்டாவது பாதியில்தான்.

விதியின் வாசகம்

தடைப்பட்டியலில் தடைசெய்யப்பட்ட பொருள்கள் தனியாகவும் தடைசெய்யப்பட்ட முறைகள் தனியாகவும் இருக்கின்றன. சிரை வழியாகத் திரவம் செலுத்துவது முறைகளின் கீழ் வருகிறது. எந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டாலும், சிரை வழியே ட்ரிப்ஸாகவோ ஊசியாகவோ செலுத்தப்பட்ட திரவம் மொத்தமாக 100 மில்லிலிட்டரைத் தாண்டக் கூடாது. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறிதல் பரிசோதனை ஆகிய மூன்றின்போது முறையாகச் செலுத்தப்படும் திரவத்துக்கு மட்டும் இது பொருந்தாது. இந்தத் தடை போட்டி நாளோடு முடிவதில்லை. பயிற்சி முகாமின் நடுவிலும், சண்டை எதுவும் ஒப்பந்தமாகாத மாதத்திலும்கூட இருக்கிறது.

இந்த அளவு எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் சிரைவழித் திரவம் தடைசெய்யப்பட்டபோது, உடனடி மருத்துவத் தேவை என்ற விலக்கு மட்டுமே இருந்தது. பின்னர் ஆறு மணி நேரத்துக்கு 50 மில்லிலிட்டர் என்று அளவு வகுக்கப்பட்டது. 2018 முதல்தான் பன்னிரண்டு மணி நேரத்துக்கு 100 மில்லிலிட்டர் என்ற இன்றைய அளவு நடைமுறையில் இருக்கிறது. பழைய அளவை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நடப்பு ஆண்டின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள் புதிய பட்டியல் நடைமுறைக்கு வருகிறது.

100 மில்லிலிட்டர் என்பது எவ்வளவு? வழக்கமான ட்ரிப்ஸ் குழாயில் ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். நிமிடத்துக்கு அறுபது சொட்டு என்று, அதாவது நொடிக்கு ஒரு சொட்டாக விழவிட்டால், 33 நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் உள்ளே போய்விடும். அரை லிட்டர் பாட்டிலில் திரவத்தின் மட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் இறங்கியிருக்கும். வீரருக்கு அதற்குள் எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. நீரேற்றம் என்ற நோக்கத்துக்குப் பயன்படும் எந்த அளவும் எல்லையைத் தாண்டிய அளவுதான். கொஞ்சமாக ஏற்றிக்கொள்ளலாம் என்ற யோசனை ஏன் பலன் தராது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இங்கே கணக்கில் வருவது சிரை வழியே போகும் திரவம் மட்டுமே. தசையில் போடும் ஊசிக்கும் தோலுக்கடியில் போடும் ஊசிக்கும் இந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் ஊசிக்குள் இருக்கும் மருந்து தடைசெய்யப்பட்டதாக இருந்தால், ஒரு மில்லிலிட்டர் போட்டாலும், எந்த வழியில் போட்டாலும், அது தனிக் குற்றம்.

உப்புநீருக்கு ஏன் தடை

பாட்டிலில் இருப்பது லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்புக் கலந்த தூய நீர். அதில் ஊக்கமருந்து இல்லை. பிறகு எதற்காகத் தடை என்று வீரர்கள் கேட்பது நியாயமே. ஊக்கமருந்தின் தடயத்தை அழிக்க அந்த நீர் உதவும் என்பதுதான் காரணம். சிரை வழியே நீர் புகுந்ததும் இரத்தத்தின் நீர்மப் பகுதி பெருகுகிறது. ஹீமோகுளோபின் அளவும் சிவப்பணுக்களின் விகிதமும் குறைந்தாற்போலத் தெரிகின்றன. இரத்தம் ஏற்றிக்கொண்டவரோ, சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபொயட்டின் போட்டுக்கொண்டவரோ, தம்முடைய இரத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவுசெய்து கண்காணிக்கும் உயிரியல் கடவுச்சீட்டின் எண்களை இப்படி இயல்புநிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும். சிறுநீரும் நீர்த்துப்போவதால் அதிலுள்ள மருந்தின் செறிவு குறைகிறது. இவை போக, அதே குழாய் வழியே வேறு எதையும் உள்ளே அனுப்பலாம் என்ற ஆபத்தும் இருக்கிறது. சோதனை அதிகாரி கதவைத் தட்டும்போது, ஏறிய பாட்டில் நேர்மையானவருடையதா, மறைப்பவருடையதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எண்ணத்தைப் பார்க்காமல் முறையையே தடைசெய்திருக்கிறார்கள். நேர்மையான வீரருக்கு இது கடினமாகத் தோன்றினாலும், எதிர்மூலையில் நிற்பவர் எதை ஏற்றினார் என்ற சந்தேகத்திலிருந்து அவரைக் காப்பதும் இந்த விதிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த விதிப்புத்தகம் உங்களைக் கட்டும்

ஒலிம்பிக் விளையாட்டுகளில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. உலக முகமையின் ஊக்கமருந்து தடுப்பு விதித்தொகுப்பில் கையெழுத்திட்ட கூட்டமைப்புகள் அவற்றை நடத்துகின்றன. தொழில்முறைக் குத்துச்சண்டையில் அப்படி ஒரே தலைமை கிடையாது. உலகப் பட்டங்களை வழங்கும் நான்கு பெரிய அமைப்புகளும் அந்தத் தொகுப்பில் கையெழுத்திட்டவை அல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்தின் விளையாட்டு ஆணையமும் தனக்கென விதி வைத்திருக்கிறது. பிரிட்டனில் கட்டுப்பாட்டு வாரியத்தின் உரிமம் பெற்றவர்கள் அந்நாட்டு ஊக்கமருந்து தடுப்பு விதிகளுக்கு உட்படுகிறார்கள். அந்த விதிகள் உலகத் தொகுப்பை அப்படியே பின்பற்றுபவை என்பதால், அங்கே 100 மில்லிலிட்டர் விதி ஐயத்துக்கு இடமின்றிப் பொருந்தும்.

இதற்கு மேல் ஒப்பந்த அடுக்கு ஒன்று உண்டு. பெரிய சண்டைகளில் இரு தரப்பும் தனிச் சோதனைத் திட்டத்தில் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வகைச் சோதனைகளைப் பெரும்பாலும் நடத்துவது, குத்துச்சண்டை மேடை மருத்துவராகப் பணியாற்றிய மார்கரெட் குட்மேன் 2011இல் லாஸ் வேகஸில் தொடங்கிய தன்னார்வ ஊக்கமருந்து தடுப்புச் சங்கம். உலகக் குத்துச்சண்டை மன்றம் 2016 முதல் நடத்திவரும் தூய குத்துச்சண்டைத் திட்டத்துக்கும் இச்சங்கமே சோதனை செய்கிறது. உலக முகமையின் பெயர்ச்சுருக்கத்தையும் இச்சங்கத்தின் பெயர்ச்சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் இரண்டுமே வாடா என்றுதான் வரும். செய்திகளைப் படிக்கும்போது எந்த வாடா என்று கவனியுங்கள், ஏனெனில் இரண்டின் வேலையும் வேறு. உலக முகமை பட்டியலை வகுக்கிறது. சங்கம் அந்தப் பட்டியலைக் கொண்டு சோதித்து, முடிவை ஆணையத்துக்கும் பட்ட அமைப்புக்கும் தெரிவிக்கிறது. தண்டனை விதிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

இந்த அடுக்குகள் ஒன்றோடொன்று மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 2015ஆம் ஆண்டு மே 2 அன்று லாஸ் வேகஸில் நடந்த மேவெதர், பக்கியோ சண்டையை நிதானமாகப் பார்க்க வேண்டும். மே 1 அன்று எடை பார்த்து முடிந்தபின் சோதனை அதிகாரிகள் மேவெதரின் வீட்டுக்குப் போனபோது அவர் சிரை வழியே திரவம் ஏற்றியிருந்தார். 250 மில்லிலிட்டர் உப்புநீரும் பல்வகை வைட்டமினும் ஒரு கலவை. 500 மில்லிலிட்டர் உப்புநீரும் வைட்டமின் சியும் இன்னொரு கலவை. ஆக 750 மில்லிலிட்டர். அன்றைய எல்லை 50 மில்லிலிட்டர் மட்டுமே. கலவையில் தடைசெய்யப்பட்ட பொருள் எதுவும் இருந்ததாகச் சொல்லப்படவில்லை. முறைதான் தடைக்குள் வந்தது. சோதனை நடத்திய அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை, சண்டை முடிந்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, முன்தேதியிட்ட மருத்துவ விலக்கை, அதாவது மருத்துவக் காரணத்துக்காகத் தடைசெய்யப்பட்டதைப் பயன்படுத்தும் அனுமதியை, அவருக்கு வழங்கியதாகத் தெரிவித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் இச்செய்தி வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. நெவாடா ஆணையத்தின் அன்றைய விதிகள் நீரேற்றத்துக்காக ட்ரிப்ஸ் ஏற்றுவதைத் தடுக்கவில்லை என்று முகமை விளக்கம் தந்தது. நெவாடாவில் நடக்கும் சண்டைக்கு விலக்கு வழங்கும் அதிகாரம் ஆணையத்துக்கே உரியது என்று ஆணையத்தின் செயல் இயக்குநர் சொன்னார். தாம் எந்த விதியையும் மீறவில்லை என்று மேவெதர் சொன்னார். அவர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை.

"மேவெதரே ஏற்றினார், நாம் ஏற்றினால் என்ன?" என்ற வாதத்தைப் பயிற்சிக்கூடங்களில் இன்றும் கேட்கிறேன். நிகழ்ந்ததைச் சரியாகப் படித்தால் அந்த வாதம் நிற்காது. ஒப்பந்தத்தால் வந்த விதி அவரைக் கட்டியது. அதனால்தான் அவருக்கு விலக்கே தேவைப்பட்டது. மாநில விதி அன்று மௌனமாக இருந்தது. அதனால் ஆணையத்துக்குத் தண்டிக்க முகாந்திரம் இல்லை. இரண்டில் ஏதேனும் ஒன்று மாறியிருந்தாலும் கதை வேறாகியிருக்கும். உங்களுக்கு அந்த இரண்டும் அப்படியே அமையும் என்று எண்ணி ஊசி குத்திக்கொள்வது பெரும் சூதாட்டம்.

ஆகவே சண்டை உறுதியான வாரத்திலேயே ஆணையத்துக்கும், சோதனை அமைப்புக்கும், பட்ட அமைப்புக்கும் எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் பதில் பின்னால் சாட்சிக்கு உதவாது. கடிதம் இப்படி நேரடியாக இருக்கட்டும்: "இந்தச் சண்டைக்கு எந்த ஆண்டின் தடைப்பட்டியல் பொருந்தும்? தடைசெய்யப்பட்ட பொருள்களோடு முறைகளும் அதில் அடங்குமா? சிரைவழித் திரவத்துக்கு ஆணையத்தின் தனி விதி ஏதும் உண்டா? மருத்துவ விலக்கு தேவைப்பட்டால் எந்த அமைப்பிடம், எத்தனை நாள் முன்பாக விண்ணப்பிக்க வேண்டும்? ஓர் அமைப்பு தரும் விலக்கை மற்ற அமைப்புகள் ஏற்குமா?" கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், 2015இல் சிக்கல் முடிச்சிட்டது அந்த இடத்தில்தான். மூன்று பதில்களும் வந்தபின் அவற்றில் மிகக் கடுமையானது எதுவோ அதையே உங்கள் விதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"மருத்துவமனை" என்றால் எது

விதியிலுள்ள விலக்குச் சொற்களில் அதிகம் வளைக்கப்படுவது மருத்துவமனைச் சிகிச்சை என்பதுதான். மருத்துவர் ஒருவர் வந்து ஊசி போட்டார் என்பதால் ஓட்டல் அறை மருத்துவமனை ஆகிவிடாது. மருத்துவரின் சொந்த ஆலோசனை அறை, வைட்டமின் ட்ரிப்ஸ் ஏற்றும் அழகு நிலையம், உடை மாற்றும் அறை, அரங்கத்தின் முதலுதவிக் கூடாரம் ஆகியவையும் அப்படித்தான். அவசரப் பிரிவில் சேர்க்கப்பட்டோ உள்நோயாளியாகவோ பெறும் சிகிச்சையே மருத்துவமனைச் சிகிச்சை.

மற்ற விளையாட்டுகளில் நடந்தவை இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. கால்பந்து வீரர் சமீர் நாஸ்ரி 2016 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தனியார் நிறுவனத்தின் வழியாக அரை லிட்டர் ஊட்டச்சத்துத் திரவம் ஏற்றிக்கொண்டார். உடல்நலமில்லை என்று காரணம் சொல்லிக் கேட்ட முன்தேதி விலக்கு மறுக்கப்பட்டது. 2018இல் ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் அது பதினெட்டு மாதமாக உயர்ந்தது. நீச்சல் வீரர் ரையன் லாக்டி 2018 மே மாதத்தில் தம் கையில் ட்ரிப்ஸ் ஏறும் படத்தைத் தாமே இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். ஏற்றியது அனுமதிக்கப்பட்ட பொருள்தான் என்றாலும் பதினான்கு மாதத் தடை வந்தது. கலப்புத் தற்காப்புக் கலை வீரர் பி.ஜே. பென் 2016இல் சோதனையின்போது தாம் ட்ரிப்ஸ் ஏற்றியதைத் தாமே தெரிவித்தார். ஆறு மாதம் விலக்கிவைக்கப்பட்டார். மூவர் விஷயத்திலும் ஆய்வகம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு படமோ ஒரு பதிவோ ஒரு வாக்குமூலமோ போதுமானதாக இருந்தது.

மருத்துவ விலக்கு கிடைக்குமா

எடை குறைத்ததால் வந்த நீரிழப்புக்கு விலக்குக் கேட்டால், பெரும்பாலும் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். விலக்கு பெற, நோய் ஒன்று உறுதியாகக் கண்டறியப்பட்டிருக்க வேண்டும். சிகிச்சை வீரரை இயல்புநிலைக்குக் கொண்டுவருவதோடு நிற்க வேண்டும். தடைசெய்யப்படாத மாற்று வழி இருக்கக் கூடாது. தேவை எழுந்தது முந்தைய விதிமீறலின் விளைவாக இருக்கக் கூடாது. விழுங்கவும் பேசவும் நடக்கவும் முடிகிற வீரருக்கு வாய்வழி நீரேற்றம் என்ற மாற்று கண்முன் இருக்கிறது. அந்த ஒன்றிலேயே விண்ணப்பம் விழுந்துவிடும். விலக்குக் குழுக்களுக்கான மருத்துவ வழிகாட்டுதலும், உழைப்பால் வந்த மிதமான நீரிழப்புக்கு வாய்வழியே தகுந்த வழி என்கிறது.

முன்தேதியிட்ட விலக்கு என்பது உயிர் காக்க வேண்டிய அவசரத்துக்காக ஏற்பட்டது. நிற்காத வாந்தி, கடும் வயிற்றுப்போக்கு, வெப்பத்தாக்கு, மயக்கம் போன்ற நிலைகளில் முதலில் சிகிச்சை செய்துவிட்டு, பிறகு உடனே விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆவணம் வேண்டும்: சேர்த்த நேரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்தப் பரிசோதனை முடிவு, ஏற்றிய திரவத்தின் பெயரும் அளவும், தொடங்கிய நேரமும் முடித்த நேரமும், கலந்த மருந்துகள் அனைத்தும், வாய்வழியே ஏன் முடியவில்லை என்ற மருத்துவரின் குறிப்பு. வெளியேறும்போது தரும் சுருக்கத்தில் திரவம் ஏற்றப்பட்டது என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். செவிலியரின் திரவப் பதிவேட்டுத் தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

சோதனை அதிகாரி தரும் படிவத்தில் ட்ரிப்ஸ் ஏற்றியதை மறைக்காமல் எழுதுங்கள். முழங்கை மடிப்பில் இருக்கும் ஊசித் தடத்தை அதிகாரி பார்க்கத்தான் போகிறார். மறைத்தது பின்னால் தெரிந்தால், தவறுதலாக நடந்தது என்ற வாதமும் கையைவிட்டுப் போய்விடும்.

தண்டனை யார் யாருக்கு

உலகத் தொகுப்பு பொருந்தும் இடங்களில் சிரைவழித் திரவம் 2021 முதல் "குறிப்பிட்ட முறைகள்" என்ற, தண்டனை குறைய இடம் தரும் வகையில் இருக்கிறது. வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்கப்படாவிட்டால் தொடக்கப்புள்ளி இரண்டு ஆண்டுத் தடை. குற்றத்தின் அளவு மிகக் குறைவு என்று வீரர் நிறுவினால் கண்டனம் வரை குறையலாம். வீரருக்கு இப்படி இடம் இருக்கிறது. உடன் இருப்பவர்களுக்கு அவ்வளவு இல்லை. தடைசெய்யப்பட்ட முறையை வீரரின் உடலில் செய்து முடிப்பவருக்குத் தொகுப்பு வகுக்கும் தண்டனை நான்கு ஆண்டு முதல் வாழ்நாள் வரை. துணைபோவது தனிக் குற்றம். ட்ரிப்ஸ் குழாயையும் பாட்டிலையும் தக்க மருத்துவக் காரணமின்றிக் குழுவின் பையில் வைத்திருப்பதும் கேள்விக்கு உள்ளாகும். "ஏற்றிவிடுங்கள்" என்று அக்கறையோடு சொல்பவர் தம்முடைய கழுத்தையும் சேர்த்தே நீட்டுகிறார்.

பாட்டிலில் கூடவே கலப்பவை

அவசரப் பிரிவில் ட்ரிப்ஸ் ஏற்றும்போது மருத்துவர் வாந்திக்கு ஓண்டான்செட்ரான் சேர்ப்பார். அது தடைப்பட்டியலில் இல்லை. சில இடங்களில் கூடவே டெக்ஸாமெத்தசோனும் போடுவது வழக்கம். அது குளுக்கோகார்ட்டிகாய்டு என்ற ஸ்டீராய்டு வகை, 2022 முதல் அவ்வகை மருந்துகளை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக்காலத்தில் தடை. போட்டிக்காலம் சண்டைக்கு முந்தைய இரவு 11.59 மணிக்குத் தொடங்குகிறது. அதற்கு முன்பே போட்ட ஊசியும் உடலில் தங்கிச் சண்டை இரவின் சோதனையில் தெரியலாம். ஆல்புமின், டெக்ஸ்ட்ரான், ஹைட்ராக்சி எத்தில் ஸ்டார்ச் போன்ற, இரத்தத்தின் நீர்மப் பகுதியைக் கூட்டும் பிளாஸ்மா பெருக்கிகளுக்கும் சிரைவழி மானிட்டாலுக்கும் எல்லாக் காலத்திலும் தடை. எடை குறைக்க விழுங்கும் ஃபுரோசமைடு முதலான நீரிறக்கி மாத்திரைகளும் அப்படியே. நீரிறக்கியால் வற்றவைத்து ட்ரிப்ஸால் நிரப்புவது ஒரே வாரத்தில் இரண்டு குற்றம். வாயால் அருந்தும் கிளிசரால் மட்டும் 2018இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வாய்வழியே நீரை மீட்பது

ட்ரிப்ஸ் இல்லாமல் சமாளிக்க முடியாது என்பது பழக்கத்தால் வந்த நம்பிக்கை. உப்புநீரைச் சிரைக்குள் விட்டால் அது உயிரணுக்களுக்கு வெளியேதான் பரவுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் அதில் ஏறத்தாழ கால் பங்குதான் இரத்தக் குழாய்களில் எஞ்சும். முகம் தெளிந்தாற்போலத் தெரிவதால் உள்ளெல்லாம் நிறைந்துவிட்டது என்று எண்ணிவிடுகிறோம். தசைக்கு வேண்டிய நீரும், தசை சேமித்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனும் குடலின் வழியே, உணவோடு சேர்ந்துதான் திரும்புகின்றன. அதற்கு நேரம் வேண்டும். எடை பார்ப்பதற்கும் மணி அடிப்பதற்கும் இடையில் அந்த நேரம் இருக்கிறது.

கணக்கு எளிது. இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் அருந்த வேண்டும்; அருந்துவதில் ஒரு பகுதி சிறுநீராக வெளியேறிவிடுவதால் கூடுதல் அரை லிட்டர். நான்கு கிலோ இழந்தவருக்கு ஆறு லிட்டர் ஆகிறது. அதை ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது. வயிறு மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டருக்கு மேல் கீழே அனுப்பாது. முதல் அரை மணியில் மெதுவாக அரை லிட்டர், பிறகு கால் மணிக்கு ஒருமுறை ஒரு கோப்பை என்று தொடருங்கள். முதல் இரண்டு, மூன்று லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் இருக்கின்றன; பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து உள்ளே நுழையும்போது நீர் பின்னாலேயே வருகிறது. அந்தக் கலவை அதற்காகவே அமைந்தது. உப்பில்லாத வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் சரிந்து, தலைவலியும் குழப்பமும் வலிப்பும்கூட வரலாம். அதற்குப் பிறகு உப்புச் சேர்ந்த எளிய மாவுச்சத்து உணவைச் சிறு சிறு வேளைகளாகக் கொடுங்கள். கொழுப்பும் நார்ச்சத்தும் அன்றைக்கு வேண்டாம். வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

எடையையும் சிறுநீரின் நிறத்தையும் மூன்று மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். இரவு படுக்குமுன் இழந்த எடையில் பாதிக்கு மேல் திரும்பியிருந்து, சிறுநீர் வெளிர்மஞ்சளாக வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். அளவுக்கு மீறியும் ஏற்ற முடியாது: சர்வதேசக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு தன் பட்டப் போட்டிகளில் சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்க்கிறது, எல்லையைவிட 10 பவுண்டுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது. பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றித் திரும்பப் பெற வேண்டிய அளவுக்கு எடையை இறக்கியவர், அந்தத் தராசிலும் மாட்டிக்கொள்வார்.

முகாமின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கடைசி வாரத்தில் உடலை வற்றவைத்து இறக்க வேண்டிய எடை, வாய்வழியே ஒரு பகலிலும் ஓர் இரவிலும் மீட்கக்கூடியதைவிட அதிகமாக இருந்தால், அந்த எடைப்பிரிவு உங்களுடையது அன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அதைச் சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு வேண்டும்.

மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரம்

குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது, பேச்சு குழறுகிறது, பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அல்லது அது கறுத்த தேநீர் நிறத்தில் வருகிறது என்றால் விதிப்புத்தகத்தை மூடி வையுங்கள். ஆம்புலன்ஸை அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முறையாக ஏற்றும் திரவத்துக்கு விதி தடையாக நிற்காது. போகும் வழியிலேயே ஆணையத்தின் மருத்துவருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் மறுநாள் இரவு அந்த வீரர் மேடை ஏறக் கூடாது. குத்துச்சண்டை மேடையில் உயிரிழப்புக்குப் பெரும்பாலும் காரணமாவது மூளையின் உறைக்கடியில் உறையும் இரத்தம். மருத்துவமனைப் படுக்கை வரை வற்றிப்போன உடலோடு தலையில் அடி வாங்க எந்தப் பட்டத்துக்காகவும் ஒருவரை அனுப்பக் கூடாது. சண்டை தள்ளிப்போகும், பணம் போகும், விளம்பரதாரர் கோபிப்பார். தள்ளிவைக்கக் கேட்கும் கடிதத்தை அன்றிரவே எழுதி, மருத்துவமனைச் சீட்டின் நகலை அதனுடன் இணைத்து அனுப்பிவிடுங்கள்.